திறக்காமல் அனுப்பிய பே ஸ்லிப்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. அப்பாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அண்ணிக்கு இருமல் நின்றதா?

ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், இதென்ன புதுசாகக் கடிதம் என்று முழிப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டதும் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். என்னிடம் இருக்கும் போனும் லாப்டாப்பும் ஆபீஸ் கொடுத்தவை, அதில் எழுதுவதை யார் யார் படிப்பார்களோ தெரியாது. காகிதம் என்றால் படித்துவிட்டுக் கிழித்துப் போடலாம். இதையும் கிழித்துவிடு.

விஷயம் அந்த பே ஸ்லிப்தான்.

பதினாலு மாதம் ஆகிவிட்டது, யாரும் கேட்கவில்லை, தப்பித்தோம் என்று இருந்தேன். இந்த வாரம் ஒரு மெயில் வந்தது. ஜூனியர்கள் ஆறு பேரில் மூன்று பேரைப் பிராடக்ட் மேனேஜராக உயர்த்தப் போகிறார்களாம். பட்டியலில் என் பெயர் இருக்கிறது. படித்துச் சந்தோஷப்பட எனக்கு அரை நிமிஷம்தான் கிடைத்தது. அடுத்த வரியிலேயே, உயர்வுக்கு முன் எல்லோருடைய ஃபைலையும் முதலிலிருந்து சரிபார்ப்பார்கள் என்று போட்டிருந்தது. வேறு பிரிவில் யாரோ போலிச் சான்றிதழ் கொடுத்து மாட்டிக்கொண்டானாம், அதிலிருந்து இந்தக் கெடுபிடி.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் உன் கண் முன்னால்தான் இரண்டு வருஷம் ஆர்டர் பிரிவில் குப்பை கொட்டினேன். வாங்கியது பதினெட்டாயிரம். இங்கே படிவத்தில் இருபத்தேழு என்று எழுதினேன். பழைய சம்பளத்தைப் பார்த்துத்தான் புதுச் சம்பளம் போடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அழுது அடம்பிடித்ததால்தான் நீ மூன்று மாதத்து பே ஸ்லிப்பை இருபத்தேழாக மாற்றி அனுப்பினாய். அதை மறக்கவில்லை.

சரிபார்க்கிறவர்கள் போன் செய்தால் அது உன் மேஜைக்குத்தான் வரும், சம்பளக் கணக்கு உன்னிடம்தானே. அப்போது இருபத்தேழு என்று குரல் நடுங்காமல் சொல்லிவிடுவாய்தானே? அதை மட்டும் எழுது.

பயத்தோடு,
வாலு


பிப்ரவரி 20

வாலுவுக்கு அண்ணனின் அன்பு.

கடிதம் கிடைத்தது. அப்பாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது, மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டார். அண்ணியின் இருமல் போய்விட்டது, கேலிதான் போகவில்லை. உன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தக் காலத்துல லெட்டரா? யாரு அவ?" என்றாள். தங்கை சும்மா எழுதியிருக்கிறாள் என்றேன். என் காதைப் பார்த்தாள்.

தொழிற்சாலையில் இரண்டாவது வெட்டும் இயந்திரம் பழுதாகிக் கிடக்கிறது. முதலாளி எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். மார்ச் மாதம் எனக்கு வேலை கழுத்துவரை இருக்கும்.

நீ எழுதியதை யோசித்தேன். இந்த உயர்வு இந்த வருஷமேதான் வேண்டுமா? அடுத்த வருஷம் வாங்கிக்கொள்கிறேன், இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று பணிவாகச் சொன்னால் அவர்களுக்கும் மரியாதையாகத் தெரியும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஃபைலையும் திறக்க மாட்டார்கள். இருக்கிற வேலை இருக்கும்.

யோசித்துப் பார். நேரத்துக்குச் சாப்பிடு. அறையில் உன்னோடு இருக்கும் நர்ஸ் பெண்ணைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்

(இதைக் கிழித்துவிடு.)


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணா,

நீ நலமா என்று கேட்கவே கோபமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

நான் கேட்டது ஒன்று, நீ சொன்னது ஒன்று. "அடுத்த வருஷம் வாங்கிக்கொள்" என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? இங்கே ஜூனியர் என்பது உட்கார்ந்திருக்கிற நாற்காலி இல்லை, நின்றுகொண்டிருக்கிற படி. இரண்டு வருஷத்தில் மேல்படிக்குப் போகாதவர்களை, "உங்களுக்கு வேற இடம் நல்லா இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார்கள். எனக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. உயர்வை வேண்டாம் என்று நானே சொன்னால், "ஏன்?" என்று முதல் கேள்வி வரும். அதற்கு என்ன சொல்வேன்?

அப்பா அங்கே எல்லோரிடமும் என் மகள் மேனேஜர் என்கிறார். முன்னால் இருக்கும் ஜூனியரை விழுங்கிவிடுகிறார். எனக்குக் கீழே வேலை செய்வது என் நாற்காலி மட்டும்தான். வீட்டுக்குக் குழாய் ரிப்பேர்காரரையும் எலக்ட்ரீஷியனையும் வரவழைக்கிற ஆப் எங்களுடையது. அதில் 'ரத்து செய்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதுதான் என் ராஜ்ஜியம். எவ்வளவு பேர் அமுக்குகிறார்கள், ஏன் அமுக்குகிறார்கள், எந்த நிறம் வைத்தால் அமுக்காமல் விடுவார்கள் என்று பதினாலு மாதமாய் அதையே கட்டிக்கொண்டு அழுகிறேன். அதற்கு முப்பத்தைந்தாயிரம். அறைக்கு என் பங்கு பதினொன்று. வீட்டுக்கு அனுப்புவது பத்து. மிச்சம் எங்கே போகிறது என்று எனக்கே தெரிவதில்லை.

இன்னொன்று கேள். எனக்கு எதிர்சீட்டில் ஒருவன் இருக்கிறான், என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன். 'தேடு' பட்டன் அவனுடையது. போன வாரம் டீ குடிக்கும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டான், அவனுக்கு நாற்பத்தேழாம். நான் சிரித்துச் சமாளித்தேன். பொய் சொல்லியே எனக்கு முப்பத்தைந்துதான் என்றால், உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன கொடுத்திருப்பார்களோ.

எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. எதையும் வெளியிடுவதற்கு முன் தோல்விக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். 'இது தோற்றுவிட்டது, ஏன் தோற்றது?' என்று ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும். ஜூனியர்கள்தான் அதை நடத்துவோம். அபசகுனம் என்று அண்ணி சொல்வாள், ஆனால் வேலைக்கு ஆகும். நம் விஷயத்துக்கும் எழுதிப் பார்த்தேன். நாம் மாட்டிக்கொண்டோம். எப்படி?

ஒன்று: ஃபைலில் இருக்கும் பே ஸ்லிப்பில் ஏதோ இடிக்கிறது, கூட்டல் தவறு, பிடித்தம் பொருந்தவில்லை.
இரண்டு: போன் உன் மேஜைக்கு வராமல் முதலாளிக்குப் போகிறது.
மூன்று: பேங்க் கணக்கைக் கேட்கிறார்கள்.
நான்கு: நீ உளறிவிடுகிறாய்.

நாலுக்கும் பதில் எழுது. நம் இருவர் வேலையும் இதில்தான் தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். எனக்காக நீ செய்த காரியம் உன் தலையில் விடியக்கூடாது.

வாலு


மார்ச் 21

வாலுவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெட்டும் இயந்திரத்தைச் சரி செய்துவிட்டார்கள்.

இரண்டாவதற்கு: போன் எதுவானாலும் வரவேற்பில் என்னிடம்தான் தருவார்கள். மூன்றாவதற்கு: உனக்கு அப்போது சம்பளம் பாதி கையில், பாதி பேங்கில் என்று சொல்லிக்கொள்ளலாம், இங்கே பலருக்கும் அப்படித்தான். நான்காவதற்கு: நான் உளறுகிறவன் இல்லை. பதினாலு வருஷமாகத் தொழிற்சாலையில் யாருக்கு என்ன சம்பளம் என்று உன் அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அந்த பே ஸ்லிப்பை நீ எப்போதாவது திறந்து பார்த்தாயா?

அப்பா கூப்பிடுகிறார். மற்றவை பிறகு.

அண்ணன்


மார்ச் 28

அண்ணா,

எல்லோரும் சுகம்தானே? எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை, பயம்தான்.

நான் திறக்கவில்லை. எப்படித் திறப்பேன்? "திறக்காதே. ஒரு தடவை பார்த்துட்டா உன் மூஞ்சியிலயே தெரிஞ்சிடும். பாஸ்வேர்டைப் போட்டு அப்படியே ஏத்திடு, உன்கிட்ட காப்பி வெச்சுக்காதே"ன்னு நீதானே சொன்னாய். அப்படியே ஏற்றினேன். பார்க்கவும் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஏன் கேட்கிறாய்?

எதிர்சீட்டுக்காரன் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருக்கும். எச்.ஆரிலிருந்து ஒரு அம்மா வந்து, "ரெண்டு நிமிஷம் வாங்க" என்று அவனைக் கூப்பிட்டாள். பேனாவை மூடாமல் எழுந்து போனான், உடனே வந்துவிடுவோம் என்று நினைத்திருப்பான். இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தபோது கூடவே செக்யூரிட்டி வந்தான். எதிர்சீட்டுக்காரன் பேயறைந்த மாதிரி நின்றான். லாப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். சாமான்களைப் போட ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். ஒரு கோப்பை, ஒரு ஸ்வெட்டர், சார்ஜர். அவ்வளவுதான் இருந்தது அவனுடையது. பெட்டி உங்கள் தொழிற்சாலையுடையதோ என்று அடிப்பக்கத்தைப் பார்த்தேன். இல்லை.

என்னைப் பார்த்து, "பே ஸ்லிப்" என்று மட்டும் சொன்னான். போலியாம். பழைய ஆபீஸுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார்கள், தொகை இடித்துவிட்டது. இனி இந்த ஊரில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இது முன்னால் போய் நிற்கும். அவன் அம்மாவுக்கு இவன் சம்பளம்தான் மருந்துச் செலவு. மூடாத பேனா இன்னும் அவன் மேஜையிலேயே கிடக்கிறது. எனக்கு எடுத்து மூடத் தைரியம் இல்லை.

என் முறை ஏப்ரல் 24.

நீ இரண்டு, மூன்று, நாலுக்குப் பதில் எழுதினாய். ஒன்றுக்கு எழுதவில்லை. நான் கவனித்தேன்.

வாலு


ஏப்ரல் 5

என் அன்புத் தங்கைக்கு,

அப்பா நலம். அண்ணி நலம். நான் நலமென்று எழுத முடியவில்லை.

ஒன்றாவதற்குப் பதில் இதுதான். ஃபைலில் இருக்கும் பே ஸ்லிப்பில் கூட்டல் தவறு எதுவும் இல்லை. பிடித்தம் சரியாக இருக்கும். தொகை பதினெட்டு. நான் மாற்றவே இல்லை.

நீ கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொழிற்சாலைக்குப் போனேன், வாட்ச்மேன் மட்டும் இருந்தார். கம்ப்யூட்டரைப் போட்டு உன் பெயரை எடுத்து, பதினெட்டை அழித்து இருபத்தேழு அடித்தேன். அடித்ததும் கீழே பிடித்தம் தானாக மாறியது. மொத்தம் மாறியது. எதிரில் ஆள் யாரும் இல்லை, ஆனாலும் யாரோ பின்னால் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. அழித்துவிட்டுப் பதினெட்டையே போட்டேன். மறுபடியும் இருபத்தேழு. மறுபடியும் பதினெட்டு. மூன்று மணி நேரம் இதையே செய்தேன். கடைசியில் இருந்தபடியே பி.டி.எஃப். ஆக்கி, பாஸ்வேர்டு போட்டு, உனக்கு அனுப்பிவிட்டேன். திறக்காதே என்று சொன்னது அதனால்தான்.

இதை நேர்மை என்று நினைக்காதே. பயம்தான். ஊரில் எனக்கு நேர்மையானவன் என்று ஒரு பெயர் இருக்கிறதே, அதையும் வாங்கிக் கொடுத்தது இந்தப் பயம்தான்.

மறுநாளே சொல்லியிருக்கலாம். நீ, "அண்ணா, நீ தெய்வம்"னு போனில் சொன்னாய். அப்புறம் எந்த வாயால் சொல்வேன்? யாரும் பார்க்க மாட்டார்கள், வேலை கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்ப்பாய் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். வேலை கிடைத்துவிட்டது. நீ படிவத்தில் இருபத்தேழு என்று எழுதியிருக்கிறாய், கூடவே பதினெட்டு என்று சீட்டும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஃபைலில் பதினாறு மாதமாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. அதைத் திறக்கவிடக் கூடாது என்றுதான் உயர்வை வேண்டாமென்று சொல்லச் சொன்னேன்.

உன்னைக் காட்டிக் கொடுத்தது நான்தான். நான்காவதாக எழுதினாயே, அது பதினாறு மாதத்துக்கு முன்னாலேயே நடந்துவிட்டது.

மன்னித்துவிடு என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

அண்ணன்


ஏப்ரல் 11

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் ஒன்றுமே இல்லை என்று தெரியாமல் பதினாறு மாதம் பயந்து செத்திருக்கிறேன். எதிர்சீட்டுக்காரன் பொய்யையாவது உருப்படியாகச் சொன்னான். என் ஃபைலில் பொய்யும் இருக்கிறது, அது பொய் என்று சொல்லும் சாட்சியும் இருக்கிறது. சாட்சியை ஏற்றியது என் கை.

நீ ஒரு பயந்தாங்கொள்ளி. உன்னை நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யாதே. அப்பா கேட்டால் எனக்கு வேலை என்று சொல்.


ஏப்ரல் 17

வாலு,

அண்ணி எழுதறேன். உங்க ரெண்டு பேரு மாதிரி எனக்கு எழுத வராது, பேசற மாதிரிதான் வரும். நீ நல்லா இருக்கியா? சாப்பிடறியா?

போன ஞாயிறு நீ பேசலை. உங்க அப்பா, "மேனேஜர்னா அப்படித்தான், நேரம் இருக்காது"ன்னு தானே சொல்லிக்கறார். உங்க அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறார். பத்து நாளா தட்டுல போட்டது போட்டபடி இருக்கு. என்னன்னு கேட்டேன், ஒண்ணுமில்லைன்னார். காது செவந்துபோச்சு. அவருக்குப் பொய் சொன்னா காது செவந்திடும், கல்யாணமான மறுவாரமே கண்டுபிடிச்சுட்டேன். நேத்து எல்லாத்தையும் சொல்லிட்டார். லெட்டரையும் எடுத்துக் குடுத்தார். கிழிச்சுடு கிழிச்சுடுன்னு மாத்தி மாத்தி எழுதியிருக்கீங்க, ஒண்ணையும் கிழிக்கலை. கெட்டிக்காரங்கதான் போங்க.

அவரைப் பயந்தாங்கொள்ளின்னு எழுதியிருக்கே. உண்மைதான். தெருவைக் கடக்கறதுக்கே நாலு தடவை பார்ப்பார். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. உனக்குக் காரியம் ஆகணும்னா, பயந்த மனுஷன்னு தெரிஞ்சும் அவர்கிட்டதானே போய் நின்னே? அவருக்கு இல்லைன்னு சொல்லவும் பயம், செய்யவும் பயம். நடுவுல மாட்டிக்கிட்டு முழிச்சிருக்கார்.

இருபத்திநாலாம் தேதி என்ன ஆச்சுன்னு எழுது. வேலை போனா போகட்டும், ஆள் வந்து சேரு. இப்படி எழுதறேனே தவிர எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ அனுப்பற பத்துலதான் மாமாவோட முழங்கால் வைத்தியம் நடக்குது.

அண்ணி


ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நான் இன்னும் வேலையில் இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை மூச்சு விட்டுவிட்டுப் படியுங்கள். அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன்.

அண்ணா, போன கடிதத்தில் 'அண்ணா' என்றுகூடப் போடாமல் எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

இருபத்திநாலாம் தேதி கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டாள் அந்த எச்.ஆர். அம்மா. செக்யூரிட்டி வெளியே நிற்கிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தாள், நான் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், குடிக்கவில்லை. ஃபைலைத் திறந்தாள். படிவம். பக்கத்திலேயே நீ அனுப்பிய சீட்டு. பதினெட்டாயிரம் என்று பெரிதாகத் தெரிந்தது. அதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இது வேற, அது வேறயா இருக்கே" என்றாள்.

நான் பாட்டிலின் மூடியைத் திருகினேன். அவளே திரையைக் கீழே தள்ளிப் படித்தாள். சேரும்போதே யாரோ ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது: 'படிவத்தில் 27, சீட்டில் 18. உண்மையான சீட்டையே கொடுத்திருப்பதால் ஏமாற்றும் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. ஓவர்டைமைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எடுத்துக்கொள்ளலாம். தொடக்கச் சம்பளம் கடைசிப் படியில் போதும்.'

புரிகிறதா அண்ணா? முதல் நாளே பார்த்துவிட்டார்கள். பொய் சொல்கிறவள் உண்மையான சீட்டைக் கொடுப்பாளா என்று நினைத்திருக்கிறார்கள். உன்னால்தான் எனக்கு முப்பத்தைந்து, எதிர்சீட்டுக்காரனுக்கு நாற்பத்தேழு. உன்னால்தான் அவன் பெட்டியோடு போனான், நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். உன்னைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவள் கேட்டாள். "ஓ.டி. சேர்த்துத்தானே சொன்னீங்க?"

நான் தலையை ஆட்டிவிட்டேன்.

கேள்வியிலேயே பதிலைக் கொடுத்தாள், அண்ணா. வாயைத் திறந்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். அவள் சிரித்தாள். "அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லை. பழைய ஆபீஸ்லேருந்து ஓ.டி. எவ்வளவுன்னு ஒரு லெட்டர் மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க. ஃபைலை மூடிடலாம்." கடைசி நாள் மே 20. மூடிவிட்டால் ஜூனிலிருந்து நான் பிராடக்ட் மேனேஜர். அறுபதாயிரம். அப்பாவின் காலுக்கு நல்ல டாக்டரிடம் போகலாம்.

ஒரே ஒரு வரி வேண்டும். மாதம் ஒன்பதாயிரம் ஓவர்டைம் என்று தொழிற்சாலை லெட்டர்ஹெட்டில், சீலோடு. இந்தத் தடவை எந்தக் கணக்கையும் மாற்ற வேண்டாம், கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். பயந்தாங்கொள்ளி என்று உன்னைச் சொன்னேனே, அந்தக் கண்ணாடி அறையில் என்னைவிடப் பயந்தவள் யாரும் இருந்திருக்க மாட்டாள். அண்ணி கோவிப்பாள். இருந்தாலும் மறுபடியும் உன்னிடம்தான் வந்து நிற்கிறேன்.

உங்கள் வாலு

பின்குறிப்பு: அந்தப் பேனாவை எடுத்து மூடிவிட்டேன். மை காய்ந்துபோயிருந்தது.


மே 9

என் அன்பு வாலுவுக்கு,

நீ வேலையில் இருக்கிறாய் என்ற முதல் வரியைப் படித்துவிட்டு அண்ணி உட்கார்ந்து அழுதாள். நான் அவளைச் சமாதானப்படுத்துகிற சாக்கில் அழுதேன். அப்பா குச்சி இல்லாமல் வாசல்வரை நடக்கிறார்.

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நம் ஆர்டர் பிரிவில் யாருக்கும் ஓவர்டைம் கிடையாது, உனக்கும் தெரியும். நீ எத்தனையோ நாள் கூடுதல் நேரம் உட்கார்ந்தாய், ஒரு காசு வரவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை எழுதியவன் நான்தானே.

திங்கட்கிழமை லெட்டர்ஹெட்டில் கடிதம் அடித்தேன். முதலாளியிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். "எதுக்கு?" என்றார். "தங்கச்சி ஆபீஸ்ல கேக்கறாங்க" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். அண்ணியிடம் வந்து சொன்னபோது முதலில் என் காதைத்தான் பார்த்தாள். பிறகு சாப்பாடு போட்டாள்.

நீ வாங்கிய பதினெட்டுதான் அதில் இருக்கிறது, ஓவர்டைம் என்று ஒன்றும் இல்லை. தொங்கிக் கிடந்த ஆர்டர்களையெல்லாம் ஒரே பலகையில் கொண்டுவந்து, பெட்டி தாமதமாகப் போவதைப் பாதியாகக் குறைத்தது நீதான் என்பதும் இருக்கிறது. போன தடவையும் இதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. நாம் இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நீ தலையாட்டியது பொய் என்று அந்த எச்.ஆர். அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அறுபது வரலாம், முப்பத்தைந்தும் போகலாம். போனால் அப்பாவின் வைத்தியத்தை எப்படிச் சமாளிப்பது என்று அண்ணியும் நானும் உட்கார்ந்து பேசினோம். பேசி முடித்த பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது.

கடிதம் உள்ளே தனி உறையில் இருக்கிறது. உறையை ஒட்டவில்லை. போன தடவை திறக்காமல் கொடு என்று சொன்னேன். இந்தத் தடவை திறந்து படி. படித்த பிறகு, கொடுப்பதும் கொடுக்காததும் உன் கையில்தான் இருக்கிறது.

மே 20 அன்று நான் மேஜையை விட்டு எங்கும் போக மாட்டேன். போன் வந்தால் எடுப்பேன்.

உன் அண்ணன்